கதவுக்குப் பின்னால் பலகை

லோத்குண்டா,
ஹைதராபாத்,
18-1-1976

அன்புள்ள ஜலஜா அக்காவுக்கு நீலா எழுதிக்கொண்டது.

இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் சௌக்கியம். நீங்கள் மாயவரம் போய்ச் சேர்ந்த விவரமும், உங்கள் அப்பாவின் வருஷாப்தீகம் நடந்த விவரமும் உங்கள் கடிதம் வந்தால்தான் தெரியும். அதுவரை எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் அறையை ஒழுங்கு பண்ணி முடித்துவிட்டேன்.

"நான் திரும்பி வரதுக்குள்ள இதை மனுஷா இருக்கற இடமா பண்ணி வைடி" என்று கிளம்பும்போது சொன்னீர்கள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். உங்கள் ஆட்டோ முனை திரும்புவதற்குள் நான் துடைப்பத்தை எடுத்துவிட்டேன். முதலில் எல்லாச் சாமானையும் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய ஜமக்காளத்தில் பரப்பினேன். பிறகு அறையைப் பெருக்கி, அலம்பிவிட்டேன். அம்மா திரும்பி வந்து, "என்னடி இது, ஜப்தி பண்ணின வீடு மாதிரி" என்றாள்.

பின்கட்டில் அரிசி மூட்டை வைத்திருந்த அறை அது. கட்டில் போட்டால் மிச்சம் நடக்கிற வழிதான். அதனால் தரையில் எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரே விதி வைத்துக்கொண்டேன். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினேன். உங்கள் டிராயிங் பலகை இப்போது கட்டிலுக்கு அடியில் அழகாக நுழைந்து படுத்துக்கொள்கிறது. கோடு போடுகிற அந்த நீளமான டி-ஸ்கொயரைத் தலைமாட்டு ஆணியில் மாட்டினேன். டிரேஸிங் தாள்களை மெத்தைக்கு அடியில் வைத்துக் கசக்கியிருந்தீர்கள். ஜெனரல் பஜார் துணிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய் ஒன்று கேட்டு வாங்கி வந்து அதில் சுருட்டிப் போட்டேன். மை பாட்டில்கள் பிஸ்கட் டின்னில், ஜன்னல் கட்டையில். அதன் பக்கத்தில் ஒரு சிகரெட் டப்பா. உள்ளே துண்டு துண்டாகப் பென்சில்கள் இருக்கின்றன. பிடிக்கக்கூட நீளம் இல்லை. வைத்துக்கொள்வதா, போடுவதா என்று எழுதுங்கள். ஒற்றைச் செருப்பு ஒன்றும் கிடைத்தது.

பெட்டியைத் துடைக்கும்போது திறந்து பார்த்தேன். அரக்குப் பட்டுப்புடவை இல்லை. "ஆப்தீகத்துக்குப் போற பொண்ணுக்குப் பட்டு எதுக்கு?" என்று அம்மா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

உங்கள் பாலிடெக்னிக் சிநேகிதி வந்து, ஏப்ரல் முதல் வாரம் பரீட்சை என்று சொல்லிவிட்டுப் போனாள். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
நீலா


மாயவரம்,
26-1-1976

நீலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அதை நான் கடைசியாகப் படித்தேன். இந்த வீட்டில் தபால்காரர் கொடுக்கிற கடிதத்தை முதலில் சக்ரபாணி அண்ணா பிரிப்பான். அத்தைக்கும் மன்னிக்கும் உரக்கப் படித்துக் காட்டுவான். அப்புறம்தான் மேலே பேர் எழுதியிருக்கிறவளுக்கு வரும்.

ஆட்டோ முனை திரும்புவதற்குள் பெருக்கினேன் என்ற இடம் வந்ததும் அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். "ஊருக்குக் கிளம்பின பொண்ணு போய்ச் சேரறதுக்குள்ள யாராவது பெருக்குவாளா? பாடை போனப்புறம்னா பெருக்கி அலம்பி விடறது. அதுவும் தகப்பன் திவசத்துக்குக் கிளம்பின பொண்ணு" என்று அழ ஆரம்பித்தாள். அண்ணா அழவில்லை. "இதுல அழறதுக்கு என்ன இருக்கு? அவா ரூமைக் காலி பண்ணிண்டுட்டா. இவளுக்குத்தான் புரியல" என்றான்.

எனக்கும் இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. நான் விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னேன். அதற்காகவா செங்கல் தூக்கினாய்? உன் அப்பாவோடு ஃபாக்டரியில் வேலை பார்க்கிற அம்பி கார்த்திகை மாதத்தில் இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் பின்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனான். அப்போது நீ குழாயடியில் நின்றுகொண்டிருந்தாய். அவன் எதற்கு வந்தான் என்று நீ என்னிடம் சொல்லவில்லை. அறை யாருக்காக ஒழுங்காகிறது என்று நேராக எழுது.

என் பெட்டியைத் திறக்க உன்னை யார் சொன்னது? புடவை என்னுடையது. எடுத்து வந்தேன்.

டப்பாவைத் தொடாதே. அதில் இருப்பவை அப்பா டிராயிங் ஆபீஸில் சீவித் தேய்த்த பென்சில்கள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று சட்டைப் பையில் இருந்த பென்சிலும் அதில்தான் இருக்கிறது. செருப்பை எறி.

ஜலஜா


லோத்குண்டா,
2-2-1976

அன்புள்ள ஜலஜா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை.

ஒருவர் கிளம்பிப் போனால் பெருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அப்பா தினம் ஃபாக்டரிக்குப் போவதற்கே, அவர் பஸ் ஏறியிருப்பார் என்று தோன்றும் வரை அம்மா துடைப்பத்தைத் தொடமாட்டாள். அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். திரும்பி வருவாரோ மாட்டாரோ என்று சந்தேகம் இருக்கிறவர்கள்தான் பெருக்காமல் காத்திருப்பார்கள். எனக்குச் சந்தேகமே தோன்றவில்லை. அதுதான் தப்பாகிவிட்டது. உங்கள் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். இதையும் உங்கள் அண்ணா உரக்கப் படிப்பார் என்றால், நீங்கள் சொல்லாமலே அத்தை காதில் விழும்.

அம்பி விஷயம் நேராகக் கேட்டீர்கள். நேராகவே எழுதுகிறேன். நான் சமையலறையில் இருந்தபோது அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டது இது.

"அம்பி பாவம், உப்பல்லேர்ந்து தினம் ரெண்டு பஸ் மாறி வரான். பின்கட்டைக் கேக்கறான்."

"நக்கோ, நக்கோ. வயசுப் பொண்ணு இருக்கற ஆத்துல கல்யாணம் ஆகாதவனைக் கொண்டு வந்து வைக்கறதாவது."

"பின்கட்டுக்குத் தனி வாசல் இருக்கே, ருக்கு."

"ஜலஜாவுக்கு என்ன பதில் சொல்றது? உங்க சிநேகிதர் போனப்புறம் நம்மள நம்பி வந்த பொண்ணு."

"அவ வரட்டுமே, நானா வேண்டாங்கறேன்? பத்து நாள்னு போனவ. மாசி பொறக்கற வரைக்கும் பார்க்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. நான் குழாயடியில் நின்றது தண்ணீர் வருகிற நேரம் அது என்பதால். அம்பி வந்தால் நான் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அறை காலியாகக் கிடந்தால்தானே கேட்பார்கள் என்று நேற்று முதல் நான் அதில் படுத்துக்கொள்கிறேன். இதற்கும் நீங்கள் ஏதாவது நினைத்துக்கொள்வீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டுப்புடவை உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கும் தெரியும். எதற்கு என்று நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆப்தீகம் முடிந்துவிட்டது. ஒரு வருஷம் முடிந்த வீட்டில் அடுத்தது கல்யாணப் பேச்சுதான் என்று அம்மா சொல்கிறாள். அது உண்மையா?

நீலா


மாயவரம்,
12-2-1976

சௌ. நீலாவுக்கு ஆசீர்வாதம்.

இங்கு அனைவரும் க்ஷேமம். நான் மேற்கொண்டு படிப்பதாக இல்லை. ஹைதராபாத்துக்குத் திரும்பி வருவதாகவும் இல்லை. அறையை மாமா தன் இஷ்டப்படி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

என் மன்னியின் தம்பி உமாசங்கர் ஆபீஸ் காரியமாக இருபத்தோராம் தேதி ஹைதராபாத் வருகிறார். அவர் உங்கள் வீட்டுக்கு வருவார். என் சாமான்கள் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைக்கவும். டிராயிங் பலகை கதவுக்குப் பின்னால் இருக்கிறது. டி-ஸ்கொயர் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. டிரேஸிங் தாள்கள் பரணில் இருக்கின்றன. மை பாட்டில்கள் கட்டிலுக்கு அடியில். ஜன்னலில் இருக்கும் பழைய சிகரெட் டப்பா எதற்கும் உபயோகமில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிடு.

மாமாவுக்கும் மாமிக்கும் என் நமஸ்காரம்.

இங்ஙனம்,
ஜலஜா


லோத்குண்டா,
23-2-1976

அன்புள்ள ஜலஜா அக்காவுக்கு,

நமஸ்காரம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் நமஸ்காரங்களைச் சொல்லவும்.

நீங்கள் எழுதியபடி திரு. உமாசங்கர் சனிக்கிழமை வந்தார். நான் வெட்கத்தோடு எழுத வேண்டியது ஒன்று உண்டு. போன மாதம் அறையை ஒழுங்கு பண்ணியதாகப் பெருமையாக எழுதினேன். அது நிலைக்கவில்லை. இப்போது முன்னைவிட மோசம். எங்கள் பழைய பாய், உடைந்த நாற்காலி, கோணிப்பை, விறகுக்கூடை, தாத்தா காலத்துத் தகரப் பெட்டிகள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. உமாசங்கர் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாமி, இது ரூமா, காயலான் கடையா?"

அம்மாவும் அப்போதுதான் பார்த்தாள்.

அவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து டி-ஸ்கொயரைத் தேடினார். அதில் போர்வைகள்தான் இருந்தன. பரணில் ஏறினார். பித்தளை அண்டாவும் ஒட்டடையும்தான் இருந்தன. கட்டிலுக்கு அடியில் கைவிட்டு இழுத்தார். பழைய பேப்பர் கட்டுச் சரிந்து அவர் கால்மேல் விழுந்தது. "எங்க அக்கா என்னடான்னா, ஜலஜா ரொம்ப நறுவிசு, நம்மாத்துக்கு வந்தா ஆத்தையே கண்ணாடி மாதிரி வச்சுப்பான்னு சொன்னா" என்றார். "உங்காத்துக்கா?" என்று அம்மா கேட்டாள். அவர் காது சிவந்துபோயிற்று. "சித்திரையில" என்று சொல்லிவிட்டுத் தும்மினார். எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாழ்த்துகள்.

டிராயிங் பலகை மட்டும் கிடைத்தது. நீங்கள் எழுதியபடியே கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் அதைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பின்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் பாலிடெக்னிக்கின் பெயரும் நம்பரும் எழுதியிருக்கிறது. கீழே 'அரசாங்கச் சொத்து' என்று இங்கிலீஷில் இருக்கிறதாம். அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டார்.

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். "கையெழுத்துப் போட்டு வாங்கினவ வந்துதான் ஒப்படைக்கணும். எங்க டூல் ரூம்ல ஒரு ஸ்பேனருக்கே அப்படித்தான். வேற ஆள் கொண்டுபோனா, அது கொண்டுபோனதா, கிளப்பிண்டு போனதான்னு கேப்பா. அதுவும் இந்த எமர்ஜென்ஸி நாள்ல" என்றார்.

"ஒப்படைக்கலேன்னா?"

"வீட்டு விலாசத்துக்கு நோட்டீஸ் வரும். கார்டியன்னு யார் கையெழுத்துப் போட்டிருக்காளோ அவா பேருக்கு."

கார்டியன் என்று உங்கள் அண்ணாதானே போட்டிருக்கிறார் என்று உமாசங்கரே சொன்னார். உங்கள் அண்ணா தாலுகா ஆபீஸில் இருக்கிறவர் என்பதால் இந்த விஷயமெல்லாம் எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். டி-ஸ்கொயரிலும் இதே மாதிரி நம்பர் உண்டு என்று அப்பா சொல்கிறார். அது எங்கே கிடக்கிறதோ. எது உங்களுடையது, எது எங்களுடையது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீங்கள் வந்து பார்த்தால்தான் உண்டு.

உமாசங்கர் காப்பி சாப்பிட்டுவிட்டு வெறும் கையோடு போனார்.

சிகரெட் டப்பா இப்போது ஜன்னலில் இல்லை.

இப்படிக்கு,
நீலா


மாயவரம்,
1-3-1976

நீலா,

இதைக் கமலா டீச்சர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் தெருக்கோடியில் இருக்கிறவர். அவரிடம் தையல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். பதிலை அவர் விலாசத்துக்கு எழுது. கவரின் மேல் என் பெயர் வேண்டாம்.

போன கடிதத்தை அண்ணா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். "சாமான் எங்கெங்க இருக்குன்னு விவரமா எழுது, உமாசங்கருக்குச் சிரமம் இருக்கக் கூடாது" என்றான். உன் முதல் கடிதத்தை அவன் ஒரு தடவை படித்ததோடு சரி, எது எங்கே என்று அவன் மனதில் இருக்காது என்று துணிந்து எல்லா இடத்தையும் மாற்றி எழுதினேன். உனக்குப் புரியுமா புரியாதா என்று தெரியாது. பலகை கதவுக்குப் பின்னால் இருந்தது என்று நீ எழுதியதை அண்ணா உரக்கப் படித்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பலகை கதவுக்குப் பின்னால் எப்படிப் போயிற்று? நீதான் நகர்த்தியிருக்கிறாய். நான் எழுதின பொய்யை நீ மெய்யாக்கியிருக்கிறாய். அப்படித்தானே?

ஆனால் அடுத்த நிமிஷமே வேறு மாதிரியும் தோன்றுகிறது. அறையில் உங்கள் சாமானை எல்லாம் அடைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அது நிஜமாக இருந்தால்? அறையை நீயே எடுத்துக்கொண்டு, கைக்குப் பட்டதை எல்லாம் மூலையில் தள்ளியிருந்தால்? நீ அதில் படுத்துக்கொள்கிறாய் என்று நீயே எழுதினாய். உன்னோடு ஒரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். டிரேஸிங் தாளின் ஓரத்தை நான் வரைந்து முடிக்கும் வரை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாய். ஒரு வார்த்தை பேசமாட்டாய். பேசாதவர்களை நம்புவது ரொம்பக் கஷ்டம், நீலா.

டப்பாவை எறிந்துவிட்டாயா? அதை மட்டும் முதலில் சொல். எறி என்று எழுதியது நான்தான். அண்ணா, "அந்தக் குப்பையையும் போடச் சொல்லு" என்றான். மறுத்திருந்தால் மற்றதையும் சந்தேகப்பட்டிருப்பான்.

புடவைக்கும் பதில் சொல்கிறேன். "வரும்போது அரக்குப் பட்டை எடுத்துண்டு வா, மன்னி பார்க்கணுங்கறா" என்று அண்ணா எழுதியிருந்தான். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆப்தீகத்துக்கு மறுநாள் அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கூடத்தில் உமாசங்கரின் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் "நக்கோ" என்றேன். வேண்டாம் என்று சொல்ல உங்கள் வீட்டுப் பேச்சு தானாக வந்துவிட்டது. யாருக்கும் புரியவில்லை. அத்தை அதை வசவு என்று நினைத்துக்கொண்டு என் வாயில் ஒன்று போட்டாள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து அண்ணா சரியாகத் தூங்கவில்லை. நோட்டீஸ் என்றால் அவனுக்கு ஜுரமே வந்துவிடும். பதினைந்தாம் தேதி அவனே என்னை அழைத்துக்கொண்டு வருகிறான். பலகையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவனுக்கு நாலு நாள்தான் லீவு. ரயிலுக்கே பாதி போய்விடும். பரீட்சை என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. எடுத்தால் ரயிலே ஏற்றமாட்டான்.

அப்பா இருந்தவரை தினமும் எனக்குப் பலகை முன்னால் உட்கார்ந்து கோடு போடச் சொல்லிக்கொடுத்தார். கடைசிப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. அதை எழுதாமல் நான் சித்திரைக்குள் நுழைய மாட்டேன். அங்கே எனக்குப் படுக்க இடம் இருக்கிறதா? அம்பி வந்துவிட்டானா? உண்மையை எழுது.

ஜலஜா


லோத்குண்டா,
6-3-1976

ஜலஜா அக்கா,

டப்பா என் பெட்டியில், தாவணிகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. பென்சில்களைத் தொடவில்லை.

உங்கள் கடிதத்தில் இடமெல்லாம் மாறியிருந்தபோதுகூட, கோபத்தில் அவசரமாக எழுதிவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். டப்பாவைத் தூக்கிப் போடு என்ற வரி வந்ததும், கையெழுத்து உங்களுடையது, கடிதம் உங்களுடையது இல்லை என்று தெரிந்தது.

அறையை ஒழுங்கு பண்ண எனக்கு ஒரு பகல் முழுவதும் ஆனது. கலைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மா சத்சங்கத்துக்குப் போன நேரம் பார்த்துப் பரணில் இருந்தது, கொல்லையில் இருந்தது எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். செங்கல்லை உருவினேன். ஆணியைப் பிடுங்கினேன். கடைசியில் விறகுக்கூடையை உங்கள் மெத்தை மேல் கவிழ்க்கும்போது அழுகை வந்துவிட்டது. டி-ஸ்கொயர் கொசுவலைக் கழிகளோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. உமாசங்கர் அதன் மேல்தான் கையை ஊன்றிக்கொண்டு தும்மினார். டிரேஸிங் குழாய் அரிசி டின்னுக்குள் நிற்கிறது. மை பாட்டில்கள் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில்.

பலகையின் பின்னால் நம்பர் இருப்பது முதல் நாள் துடைக்கும்போதே பார்த்தேன். அது வெளிப்பக்கம் தெரியும்படி கதவுக்குப் பின்னால் நிறுத்தினேன். மற்றதை அப்பா சொல்லிவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கே நம்பரைப் பார்த்தாலும் அவருக்கு டூல் ரூம் ஞாபகம்தான் வரும்.

அம்பி போன ஞாயிற்றுக்கிழமை படுக்கை சகிதம் வந்தார். அப்பா கதவைத் திறந்துவிட்டார். அம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இங்க கட்டில் போடணுமா, கட்டிலைத் தேடணுமா?" என்று கேட்டார். அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. அம்பி அல்வாலில் வேறு இடம் பார்த்துக்கொண்டுவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா, "கண்ணாடி மாதிரி வச்சிருந்தியேடி. கைக்கு இப்படிப் பண்ணினே?" என்று கேட்டார். 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு' என்கிற அம்மாவின் பாஷை அவருக்குக் கோபத்தில் மட்டும் வரும். நான் "ஜலஜா அக்கா வருவா" என்றேன். சத்தமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "வந்தா இருக்கட்டும்" என்றார். அதனால் படுக்க இடம் இருக்கிறது.

அறை எனக்கு வேண்டும் என்ற ஆசை இருந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதம் முழுவதும் அதுதான் இருக்கிறது. இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஒன்பதாவதில் என்னை நிறுத்தினார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியாகி வெகுநாள் ஆகிவிட்டது, திரும்பப் போ என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்களும் அப்படி ஆகிவிடுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம். ஒரு தடவை நிறுத்திவிட்டால் அதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள், அக்கா.

எனக்கும் உங்கள் மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது. வந்து, பலகையைக் கொடுத்துவிட்டு, அண்ணா கூப்பிட்டதும் பேசாமல் ரயில் ஏறிவிடுவீர்களோ? ஹால் டிக்கெட் வாங்கின பிறகு உங்கள் அண்ணா முன்னாலேயே அதை எடுத்துக் காட்டுங்கள். அப்பாவும் அந்த நேரம் வீட்டில் இருப்பார்.

உங்கள் அண்ணாவுக்கு நாலு நாள்தானே லீவு? பலகையோடு டி-ஸ்கொயரையும் ஒப்படைத்தால்தான் பொறுப்பு தீரும். அந்த அறையில் டி-ஸ்கொயர் நாலு நாளில் கிடைக்காது. பரீட்சை முடிகிற வரைக்கும் கிடைக்காது.

நீலா


லோத்குண்டா,
9-5-1976

அன்புள்ள ஜலஜா அக்காவுக்கு,

நேற்று நீங்கள் கிளம்பிய பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. அப்பா உங்களை ரயிலேற்றிவிட்டு வந்து, ஜன்னலோர இடம் கிடைத்தது என்றார்.

நல்ல பேச்சாகவே எழுத நினைத்தேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும் வேறுதான் வருகிறது. "பரீட்சை எழுதியாச்சு, இனிமே நேரா போய்க் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன். ஜூன்ல ஃபாக்டரி டிராயிங் ஆபீஸ் இண்டர்வியூவுக்கு இங்க இருப்பேன்" என்று சொன்னீர்கள். மார்ச்சில் உங்கள் அண்ணா இரண்டு நாள் இந்த வீட்டுக் கொசுவலைக் கழிகளுக்குப் பக்கத்திலேயே டி-ஸ்கொயரைத் தேடி அலுத்து, "எழுதித் தொலை, கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தானே போனார்? தள்ளிக்கலாம் என்றுதான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வாய் அங்கே போனதும் என் வாய் மாதிரி ஆகிவிட்டால்?

அறையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. பலகையும் டி-ஸ்கொயரும் போனதில் கட்டிலுக்கு அடியிலும் தலைமாட்டிலும் காலியாக இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். இதற்கு நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. அரக்குப் பட்டு உள்ளேயே இருக்கிறது. எனக்குக் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. பிறகு, கல்யாணம் என்றால் புதுப் புடவைதானே எடுப்பார்கள் என்று தோன்றியது.

டப்பாவும் ஜன்னலில் இருக்கிறது. மறந்துவிட்டுப் போனீர்களா, வைத்துவிட்டுப் போனீர்களா என்று தெரியவில்லை.

இன்று காலையில் அம்மா துடைப்பத்தோடு பின்கட்டுக்கு வந்தாள். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன்.

"தள்ளுடி. அவ இந்நேரம் மெட்ராஸ் போய்ச் சேர்ந்திருப்பா. பெருக்கலாம்."

"நக்கோம்மா."

"மிலிட்டரி மைதானத்துப் புழுதி பூரா உள்ள வந்து கெடக்கு."

"கெடக்கட்டும்."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கட்டில் மேல், ஜன்னல் கட்டையில், டப்பாவின் மூடியில் எல்லாம் மெல்லிசாகச் செம்மண் படிந்திருக்கிறது. என் கால் தடம் தெரிகிற அளவுக்குத் தரையில் இருக்கிறது. ஜனவரியில் எனக்குச் சந்தேகம் இல்லை, பெருக்கினேன். இப்போது இருக்கிறது. அதனால் பெருக்கவில்லை.

உங்கள் கடிதம் வரட்டும்.

நீலா


மாயவரம்,
15-5-1976

(தபால் கார்டு)

சௌ. நீலாவுக்கு ஆசீர்வாதம்.

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். இங்கு எல்லோரும் க்ஷேமம். என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டேன். பெரியவர்கள் யோசித்துச் சொல்வதாக இருக்கிறார்கள். அண்ணா பக்கத்தில் இருக்கிறான், உங்கள் எல்லோரையும் விசாரித்ததாக எழுதச் சொல்கிறான். கார்டையும் அவனே தபாலில் சேர்ப்பான்.

நான் இனி அங்கு வருவதாக இல்லை. அறையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். டிரேஸிங் தாள்கள் பரணில் இருக்கின்றன.

ஜன்னலில் இருக்கும் சிகரெட் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடு.

ஜலஜா